கோவித்துக்கொள்ளாத மாமா

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், எது கெட்டுப்போனாலும் பழியை ஏற்க ஒருவர் தயாராக இருந்தார். என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மாமா. "எம்மேலதானுங்க தப்பு" என்பார். யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால், அடுப்படிப் பக்கமே வராத மனிதர் வாசலிலிருந்து குரல் கொடுப்பார். அவர் அக்காவைக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்ததால்தான் பால் பொங்கிவிட்டதாம். விசாரித்தால் அவர் கூப்பிட்டே இருக்க மாட்டார்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குத் தோட்டமும் ஒரு கோழிப்பண்ணையும் இருந்தன. அண்ணன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வாங்கிக்கொண்டு வடக்கே போர் போடப் போய்விட்டதால் பண்ணையைப் பார்க்க ஆள் இல்லை. வெளியாளை நம்ப மாட்டேன் என்று சொல்லி அப்பா அக்காவுக்கு வீட்டோடு மாப்பிள்ளை தேடினார். மாமா வெண்ணந்தூர்ப் பக்கம் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவர், தூரத்துச் சொந்தம். தாய் தகப்பன் இல்லை. லாரி ஓட்டத் தெரியும். அப்பாவுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் மரியாதைதான். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என்னையும் வாங்க போங்க என்பார், இல்லாவிட்டால் சாமி என்பார். எங்கள் வீட்டு நாய் வழியில் படுத்திருந்தால், "கொஞ்சம் தள்ளிப் படுங்க சாமி" என்று சொல்லிவிட்டு அது எழுந்திருக்கும்வரை நிற்பார். அக்காவுக்கு இதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். நாய்க்கே இந்த மரியாதை என்றால் அந்த நாய் என்னை எப்படி மதிக்கும் என்று கேட்பாள்.

பாலக்காட்டுக்கு முட்டை லோடு கொண்டுபோவது அவர் வேலை. அங்கே போய் லாரியை நிறுத்தித் தார்ப்பாயை அவிழ்ப்பதற்குள், உடைந்த முட்டைகளுக்காக மன்னிப்புக் கேட்டுவிடுவார். ஒன்றும் உடையாத நாளிலும் இதே கதைதான். அங்கே முட்டை எடுக்கும் வியாபாரி நல்ல மனிதர். ஒருமுறை அப்பாவுக்குப் போன் செய்து, இவரை வேறு வேலையில் வையுங்கள், இவர் வந்து நின்றாலே எனக்கு நான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று சொன்னாராம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். மாமாவும்தான் சிரித்தார்.

ஒரு கோடையில் அண்ணன் ஊருக்கு வந்து எங்கள் தோட்டத்திலேயே போர் போட்டான். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, அது செங்குத்தாக எழுந்து நின்ற இடத்தைக் காட்டினார். போட்டுப் பார்த்தால் வெறும் புழுதி. ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவன் தன் அப்பன் தோட்டத்தில் தோற்றுவிட்டான் என்று ஊர் பேசும். அண்ணன் கடுகடுவென்று நின்றபோது மாமா போய், தேங்காயைப் பொறுக்கி எடுத்து வந்தவன் நான்தான், நல்ல முற்றிய காயாகப் பார்த்து எடுத்திருக்க வேண்டும் என்றார். அண்ணனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதற்குப் பிறகு யார் கேட்டாலும் தேங்காய் சரியில்லை என்றுதான் அவன் சொன்னான். நாளாக ஆக அவனே அதை நம்பிவிட்டான்.

எனக்கு மட்டும் இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. நான் கார் ஓட்டப் பழகியபோது மாமாதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பண்ணை கேட்டைத் தாண்டும்போது பிரேக் என்று நினைத்து வேறெதையோ மிதித்தேன். தூண் சாய்ந்துவிட்டது. அப்பா ஓடி வருவதற்குள் மாமா இறங்கிப் போய், தான் குறுக்கே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். வேலைக்காரர்கள் எல்லோரும் பார்க்க அப்பா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தேன். வெளியே அப்பாவின் சத்தம் கேட்டது. எனக்கு அது உறுத்தவே இல்லை. அவர் அவ்வளவு சுலபமாக வாங்கிக்கொள்ளும்போது, கொடுப்பவருக்கு என்ன உறுத்தும்?

பிறகு எனக்குக் கல்யாணமாகி, பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்து, சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்கு விபத்து நடந்தது. இன்னொரு டிரைவர் லீவில் இருந்ததால் அப்பா அவரைத் தூங்கக்கூட விடாமல் லோடுக்கு மேல் லோடாக அனுப்பியிருந்தார். திரும்பி வரும்போது பெருந்துறைக்குப் பக்கத்தில், நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதிவிட்டார். தொடை எலும்பு முறிந்தது. தலைக்குள்ளும் லேசான ரத்தக்கசிவு. சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நினைவு திரும்பியதும் அவர் முதலில் கேட்டது நின்றிருந்த அந்த லாரிக்கு என்ன சேதம் என்பதைத்தான்.

காலுக்கு ஆபரேஷன் முடிந்து சில நாளில் அந்தக் கால் வீங்கிப்போனது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். வீட்டில் படித்தவள், பக்கத்தில் இருப்பவள் என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டு விளக்கினார். அந்தக் கட்டி பிய்ந்துகொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வழக்கமாக ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். தலையில் கசிவு இருக்கும்போது அதைக் கொடுக்க முடியாது. ஆகவே வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் ஒரு ஃபில்டர் வைக்கப் போகிறோம், மேலே போகும் கட்டியை அது தடுத்து நிறுத்திவிடும் என்றார். படத்தில் பார்த்தேன். துணி கிழிந்துபோன சின்னக் குடை மாதிரி வெறும் கம்பிகளாக இருந்தது.

இது தற்காலிகமானதுதான் என்று அவர் அழுத்திச் சொன்னார். தலைக்கசிவு சரியாகி மருந்து கொடுக்க முடிகிற நிலை வந்ததும் இதை எடுத்துவிட வேண்டும். கழுத்து வழியாகவே எடுத்துவிடலாம், பெரிய வேலை இல்லை, ஒரு ராத்திரி தங்கினால் போதும். ஆனால் நாளைக் கடத்தினால் அந்தக் கம்பிகள் குழாயின் சுவருக்குள் பதிந்துவிடும். அப்புறம் எடுப்பது கஷ்டம். எடுக்காமல் விட்டால் அதிலேயே ரத்தம் கட்டிக் கால்கள் வீங்கலாம் என்றார். எனக்கு எல்லாம் நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று இன்றைக்கு நான் சொல்லிக்கொள்ள முடியாது.

வீட்டில் அதற்கு வடிகட்டி என்று பெயராகிவிட்டது. பார்க்க வந்தவர்கள், வடிகட்டி உள்ளே உறுத்துகிறதா என்று கேட்டார்கள். அண்ணன் மகன் அவர் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். மாமாவின் கவலையே வேறு. அது ஆஸ்பத்திரிக்காரர்களின் சாமான், வேலை முடிந்த பிறகும் அதை நாம் வைத்துக்கொண்டிருப்பது சரியில்லை என்று நினைத்தார். சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று, கடைக்காரரிடம் இரவல் வாங்கி வந்த தூக்குப்போசிப் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்.

கசிவு சரியாகி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஆரம்பித்தார்கள். எடுப்பதற்குத் தேதியும் கொடுத்தார்கள். அந்தத் தேதி எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குள் வந்து விழுந்தது. நாங்கள் நோம்பி என்போம்.

பூச்சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால் நோம்பி முடியும்வரை எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்க மாட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களும் விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிடுவார்கள். வெளியூரில் வேலையாக இருக்கிறவர்கள் கம்பம் நடுவதற்கு முன்பே லீவு போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அண்ணன் ரிக்கை மத்தியப்பிரதேசத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தான். நானும் வந்திருந்தேன். என் மகள் முதன்முதலாக முளைப்பாரி எடுக்கப் போகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கம்பம் நட்ட மறுநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா பேச்சை எடுத்தார். அந்த வீட்டில் தனக்காக அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏனுங்க, டாக்டர் சொன்ன தேதிக்குப் போயி அத எடுத்துட்டு வந்தர்ட்டுங்களா? ஒரு ராத்திரிதானுங்க."

அப்பா சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "கம்பம் நட்ட ஊர்ல இருந்துக்கிட்டு என்ன பேச்சு இது? நோம்பி முடியட்டும்" என்றார். அண்ணன், இத்தனை நாள் இருந்தது இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் என்ன என்றான். அம்மனை மீறிப் போய் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அக்கா பயந்தாள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னதை நேரில் கேட்டவள் நான் ஒருத்திதான். சில நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். சில நாளில் ஒன்றும் ஆகியிருக்காதுதான். அந்தச் சில நாள் எங்கே போய் நிற்கும் என்று நான் யோசிக்கவில்லை. கம்பம் நடும் நாள் எங்களுக்கு முன்கூட்டியே தெரியும், அதற்கு முன்னாலேயே தேதி கேட்டு வாங்கியிருக்கலாம் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை.

மாமா உடனே, "நாந்தானுங்க நோம்பிய நெனைக்காம தேதி வாங்கிட்டு வந்துட்டேன். தப்பு எம்மேலதான்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

அந்த நோம்பியில் ஒருநாள் சாயங்காலம் சூறைக்காற்று அடித்துப் பண்ணையில் ஒரு ஷெட்டின் கூரை பறந்துபோனது. கோழிகள் செத்துக் கிடந்தன. போகலாம் என்று தான் மனதில் நினைத்ததற்கே அம்மன் இப்படிச் செய்துவிட்டது என்று மாமா சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கேகூட, ஒருவேளை இருக்குமோ என்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவே இல்லை.

நோம்பி முடிந்தது. கூரை போட வேண்டியிருந்தது. பிறகு அண்ணன் மகளுக்குப் பூப்புச் சீர் வந்தது. அது முடிந்து போய்க் கேட்டபோது, ஃபில்டர் வைத்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார், புது டாக்டர் வரட்டும் என்றார்கள். வந்தாரா என்று நாங்கள் மறுபடி போய்க் கேட்கவில்லை. மாமா நன்றாக நடந்தார். லாரிகூட ஓட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு குடும்பமே மறப்பது எவ்வளவு சுலபம் என்று நான் அதற்குமுன் நினைத்துப் பார்த்ததில்லை. போன் பேசும்போதெல்லாம் மாமா எப்படி இருக்கிறார் என்று அக்காவிடம் கேட்பேன். நல்லாத்தான் இருக்கிறார் என்பாள். அதோடு சரி.

சில வருடம் கழித்து ஒரு பொங்கலுக்குப் போனபோது மாமா வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். புதிதாக வாங்கிய செருப்புப் பத்தவில்லையாம். கடையில் அளவு பார்க்காமல் வாங்கிவிட்டேன், என் தப்புதான் என்றார். நான் குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் முழங்கால்வரை வீங்கி, தோல் கறுத்து மினுமினுத்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தச் சேலத்து டாக்டரின் முகம் ஞாபகம் வந்தது. வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். ஃபில்டர் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. அதைப் பிடித்து எடுக்க வேண்டிய கொக்கி, குழாயின் சுவருக்குள் புதைந்துவிட்டது. கீழே ரத்தம் கட்டியிருந்தது. முயற்சி செய்கிறோம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, குழாய் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். காலையில் உள்ளே கொண்டுபோனவரை மத்தியானத்துக்கு மேல்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கழுத்து வழியாகச் சுருக்குக் கம்பியை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார்கள். வேறு கருவியும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது அசையவில்லை. இழுத்தபோது குழாயும் கூடவே வந்ததால் நிறுத்திவிட்டார்களாம். இனி அது அங்கேயேதான் இருக்கும், ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அந்த டாக்டர் சின்னப் பையன். களைத்துப்போயிருந்தார். கட்டிலைச் சுற்றி நின்ற எங்களைப் பார்த்து, இதை எடுக்கணும்னு உங்களுக்கு யாருமே சொல்லலையா, ஏன் இவ்வளவு காலம் விட்டீங்க என்று கேட்டார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். அண்ணன் போனை எடுத்தான். நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் மாமா, கழுத்தைத் திருப்ப முடியாமல் கையை மட்டும் தூக்கினார். "நாந்தானுங்க டாக்டர். நாந்தான் போகாம உட்டுட்டேன். உங்களுக்குத்தான் செரமம்" என்றார். டாக்டர் அவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். உடம்பு விஷயத்தில் இப்படி அசட்டையாக இருக்கலாமா, குடும்பத்தை நினைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். மாமா ஒவ்வொன்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்றார். நாங்கள் குடும்பமாகச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை. பண்ணையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. சாதாரண அடிதான். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையால் உள்ளே ரத்தம் நிற்கவில்லை. சேலம் வந்து சேர்வதற்குள் வண்டியிலேயே போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, நேரங்காலத்தில் போய் அதை எடுத்திருந்தால் இந்த மாத்திரையே தேவைப்பட்டிருக்காது, அவன்தான் கவனிக்காமல் விட்டுவிட்டான் என்று சொல்லி அழுதார். நிஜமான அழுகைதான். அண்ணனும் அதையே சொன்னான். வந்தவர்கள் தலையாட்டினார்கள். அண்ணன் தேங்காய்க் கதையை நம்பியதுபோல அப்பாவும் அவனும் இதையும் நம்பிவிட்டார்கள். அக்கா மட்டும் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, வந்தவர்களுக்குக் காப்பி போடப் போனேன். அவர் உயிரோடு இருந்திருந்தாலும் ஆமாங்க என்றுதான் சொல்லியிருப்பார் என்று அடுப்பின் முன்னால் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கோயம்புத்தூரில் அன்றைக்கு நடந்த இன்னொன்றை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் திட்டிவிட்டுப் போன பிறகு அப்பாவும் அண்ணனும் சாப்பிடப் போனார்கள். அக்கா இளநீர் வாங்கப் போனாள். நானும் அவரும் மட்டும் இருந்தோம். என்னால் தாங்க முடியவில்லை. அந்த டாக்டர் எங்களைத் திட்டியிருக்க வேண்டும், என்னைத்தான் முதலில் திட்டியிருக்க வேண்டும் என்றேன். "எங்க மேல கோவமே வரலீங்களா மாமா? ஒரு வார்த்தையாவது திட்டுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கோவம் வராம என்னங்க சாமி, வரும்" என்றார். "கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போறதுன்னா, போயி இருக்கறதுக்கு ஒரு ஊடு வேணுமில்லீங்களா."

"ஏன் மாமா, நம்ம ஊடு இல்லீங்களா?"

"அங்கிருந்துதானுங்க சாமி கோவிச்சுக்கிட்டுப் போகோணும்."

குற்றம் சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. பாலக்காட்டுக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அத்தனை வருடம் ஒரே வீட்டில் எங்களோடு உண்டு உறங்கியவர். மற்றவர்கள் மாதிரி அவரும் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தலாம், சாப்பாடு வேண்டாம் என்று சொல்லலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அதற்காக அவரை யாரும் வெளியே போ என்று சொல்லிவிட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நாங்கள் யாரும் அவருக்குத் தெரிவிக்கவில்லை. வெளியே போ என்று சொல்லியிருக்க மாட்டோம் என்று இப்போது என்னாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா இளநீரோடு வந்தாள். நான் அவர் கையை விட்டுவிட்டு அவள் உட்கார இடம் கொடுத்தேன்.